பன்னிரண்டுக்குப் பதிமூன்று கொசுறு

“நாலுன்னா நாலுதான் டாக்டர். அதுக்கு மேல ஒரு இலைகூட...”

“ஏழுங்கறேன், நீங்க பாட்டுக்கு நாலு நாலுன்னு...”

“என் பொருள், என் வாயால சொல்றேன்...”

“வாங்கப் போறவன் நான். எனக்குத் தெரியாதா அதோட...”

“தெரியாது!”

“இருபத்திரண்டு வருஷத்துச் சரக்குண்ணே அது!”

“வயசானா மதிப்பு ஏறிடுமா? அப்படின்னா முதல்ல என்னை ஏலம் விடுங்க!”

பிரேம்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “உலகத்துல எங்கயாவது விக்கிறவன் குறைச்சுச் சொல்லி, வாங்கறவன் ஏத்திச் சொல்லிச் சண்டை நடக்குமா? வெளியில யாராவது கேட்டா ரெண்டு பேரையும் பிடிச்சுக் கட்டிப் போட்டுடுவாங்க.”

“கட்டறதுக்கு முன்னாடி வாயைக் கட்டணும்,” என்றார் பூகோள வாத்தியார். அவர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் யாராவது சத்தம் போட்டால் கை தானாகச் சாக்பீஸைத் தேடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முன்பக்கம் பிரேம்காரரின் படச்சட்டக் கடை பூட்டியிருந்தது. பின்னறையில் வார்னிஷ் வாசனை. சுவர் முழுக்க யார் முகமும் இல்லாத வெற்றுச் சட்டங்கள். கண்ணாடி வெட்டுகிற மேஜையைச் சுற்றி நாலு முக்காலி. பதினோரு வருஷமாக இந்த நாலு பேரும் ஞாயிறு தவறாமல் இங்கே உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பார்கள், சுருட்டைப் பற்றிப் பேசுவார்கள், ஒருவர் சுருட்டை இன்னொருவருக்கு மாற்றிக்கொள்வார்கள்.

மாற்றிக்கொள்வதுதான் பெரிய பாடு. ஒன்று மச்சினன் கப்பலில் வேலை பார்த்தபோது கொண்டுவந்தது. ஒன்று யாரோ அன்பளிப்பாகத் தந்தது. இன்னொன்று வாங்கும்போது சல்லி விலை, பத்து வருஷம் பெட்டியில் கிடந்து ராஜாவாகிவிட்டது. இதற்கெல்லாம் கடை விலை எப்படிப் பொருந்தும்? இரண்டாம் வருஷத்தில் ஒரு பண்டமாற்றில் வாத்தியாரும் பிரேம்காரரும் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் வாத்தியார்தான் ஒரு வழி சொன்னார். தெருமுனைக் கடையில் கிடைக்கிற சாதாரணச் சுருட்டு இருக்கிறதே, எல்லாரும் அன்றாடம் பிடிப்பது, அதற்குத் ‘தினசரி’ என்று பெயர் வைத்தார். எந்தச் சுருட்டானாலும் அது எத்தனை தினசரிக்குச் சமம் என்று இரண்டு பேரும் சொல்ல வேண்டும். வித்தியாசம் இரண்டு வரைக்கும் இருந்தால் நடுவில் வெட்டிக்கொள்ளலாம். இரண்டைத் தாண்டினால் சுருட்டையே வெட்ட வேண்டும். பேரத்தில் இருக்கிற சுருட்டுகளில் ஒன்றை எடுத்து, காகிதப் பட்டையைக் கழற்றி, நடுவில் இரண்டாக நறுக்கி, பேரத்தில் சேராத இரண்டு பேர் ஆளுக்குப் பாதி பிடித்துப் பார்த்து எண் சொல்வார்கள். அதற்கு மறு பேச்சுக் கிடையாது. இத்தனை வருஷத்தில் ஐந்தாறு தடவைதான் கத்தி வெளியே வந்திருக்கிறது. நல்ல சுருட்டை நறுக்க யாருக்கு மனசு வரும்?

இன்றைக்கு மேஜையில் இருந்தவை ஆறு சுருட்டு. எல்லாம் மெல்லிய கண்ணாடித்தாள் உறைக்குள் இருந்தன. லிப்ட்காரருடையவை. முப்பத்தாறு வருஷம் லிப்ட் பழுதுபார்த்தவர் அவர். எதிரே பல் டாக்டரின் புதுப்பெட்டி, உள்ளே இருபத்தைந்து. அதில் ஒன்று இரண்டு தினசரி என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆக, லிப்ட்காரர் சொல்கிற நாலு என்றால் அவருக்குப் பன்னிரண்டு சுருட்டு வரும். டாக்டர் சொல்கிற ஏழு என்றால் இருபத்தொன்று வரும்.

லிப்ட்காரருக்கு முழங்கால் வலித்தது. பேச்சும் வலித்தது. காலையில் வீட்டிலும் இதே பேச்சுதான்.

“இன்னைக்கும் கை நிறைய வாங்கிட்டு வரப் போறீங்களா?” என்று கேட்டாள் மனைவி. மூக்கில் குழாய். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் புஸ், புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக வீட்டில் இரண்டு பேர் மூச்சுக்கு மூன்று சத்தம்.

“இல்லம்மா. இன்னைக்குச் சரிக்குச் சரியா முடிச்சுட்டு வந்துடறேன். அப்புறம் கொடுக்கல் வாங்கலே வேண்டாம்.”

“பல் டாக்டர் மேல என்ன கோபம்?”

“கோபமில்ல. நான் ஒண்ணு குடுத்தா அவர் மூணு குடுக்கறார். போன தடவை பையில ஆரஞ்சுப் பழம் வேற. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.”

“குடுக்கறவங்ககிட்ட வாங்கிக்கறதும் ஒரு உபகாரந்தாங்க.”

“நீ எப்படி இருக்க, அதைச் சொல்லு.”

“நல்லா இருக்கேன்.”

அவள் எப்போதும் அதையேதான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் நர்ஸ் சொன்னாள், பெரிய டாக்டர் சொன்னார், மகள் போனில் சொன்னாள். எல்லாரும் நல்லா இருக்காங்க என்றார்கள். வராந்தாவில் தள்ளி நின்று வேறு ஏதோ பேசினார்கள். இவர் பக்கத்தில் போனால் பேச்சு நின்றது. நல்ல செய்தியாகக் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துப்போயிருந்தது. ஒரு இடத்திலாவது, ஒரு விஷயத்திலாவது, உள்ளது உள்ளபடி எண்ணைக் கேட்டால் தேவலை என்று இருந்தது. அதற்காகத்தான் தன் பெட்டியில் இருந்ததிலேயே பழைய ஆறை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பெற்றதற்கும் கொடுத்ததற்கும் இன்றோடு ஒரு நேர்கோடு போட்டுவிட வேண்டும்.

“சரிண்ணே,” என்றார் பல் டாக்டர், திடீரென்று குரலை இறக்கி. “உங்க இஷ்டம். நாலே இருக்கட்டும்.”

லிப்ட்காரர் நிமிர்ந்தார். “நிஜமாவா?”

“நிஜமா. ஆறு நாலு இருபத்துநாலு. உங்களுக்குப் பன்னண்டு. முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது. கையைக் குடுங்க.”

கையைக் கொடுத்த டாக்டர், மற்றொரு கையால் பெட்டியை அப்படியே முழுசாக இவர் பக்கம் தள்ளினார். “மீதி பதிமூணும் கொசுறு.”

பிரேம்காரர் சிரித்துவிட்டார். லிப்ட்காரர் சிரிக்கவில்லை.

“பன்னண்டுக்குப் பதிமூணு கொசுறா? தலையைவிட வால் பெருசா இருக்கே டாக்டர்!”

“வீட்டுல இடமில்லண்ணே. சும்மா வச்சுக்குங்க.”

வாத்தியார், “தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது. அதுலயும் குடுக்கறவரே பல் டாக்டர்,” என்றார்.

“தானம்னு நீங்களே சொல்லிட்டீங்க பாத்தீங்களா சார்?” லிப்ட்காரர் பெட்டியைத் திருப்பித் தள்ளினார். “ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. எனக்கு அளந்து குடுங்க, போதும். எடுங்க கத்தியை. வெட்டிப் பார்த்துடலாம்.”

“வேண்டாம்!” டாக்டர் அவசரமாக எழுந்தார். முக்காலி சரிந்தது. “இருபத்திரண்டு வருஷத்துச் சுருட்டைப் போய் நறுக்கறதா? வேண்டாண்ணே. கொசுறு வேண்டாம், நான் எடுத்துக்கறேன். பன்னண்டே வாங்கிக்குங்க.”

“இப்ப ஏன் பயப்படறீங்க?”

“பயமென்ன? அநியாயமா ஒரு நல்ல சுருட்டு...”

“என் சுருட்டு. அநியாயம் எனக்குத்தானே? பிரேம்காரரே, நறுக்குங்க.”

பிரேம்காரர் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விதி விதிதான். ஆறில் ஒன்றை எடுத்து, கண்ணாடித்தாளை உருவினார், பட்டையைக் கழற்றினார். அட்டை வெட்டுகிற கத்தியை நடுவில் வைத்து அழுத்தினார்.

நல்ல சுருட்டு கத்திக்கு லேசாக விட்டுக்கொடுத்து, சத்தமில்லாமல் இரண்டாகும். இது நொறுங்கியது. மேல் இலை வெங்காயச் சருகு மாதிரிப் பிளந்தது. உள்ளேயிருந்து தூள் கொட்டி மேஜை விரிப்பில் சிதறியது.

வாத்தியார் குனிந்து தூளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“வெட்டினது சரியில்ல,” என்றார் வாத்தியார் மெதுவாக. “கத்தி மழுங்கல்.”

“ஆமா, மழுங்கல்,” என்றார் நேற்றுத்தான் கத்தி தீட்டிய பிரேம்காரர்.

இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பாதியை எடுத்து, உதிர்கிற இலையை விரலால் பிடித்துக்கொண்டு பற்ற வைத்தார்கள். காகிதம் எரிகிற மாதிரிச் சரசரவென்று நெருப்பு மேலேறியது. பிரேம்காரருக்கு இருமல் வந்தது. அதைத் தொண்டையிலேயே அமுக்கப் பார்த்தார், கண்ணில் நீர் வந்துவிட்டது.

“சொல்லுங்க,” என்றார் லிப்ட்காரர்.

“நாலு,” என்றார் வாத்தியார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

“எனக்கு... மூணரை. நாலுன்னும் சொல்லலாம்.”

லிப்ட்காரர் எழுந்து போய், பிரேம்காரர் விரலிடுக்கிலிருந்து அந்தப் பாதியை வாங்கினார். ஓர் இழுப்பு இழுத்தார்.

எட்டு மாதத்தில் தன் பெட்டிச் சுருட்டை அவர் பிடித்தது இதுதான் முதல் தடவை. வீட்டில் புகை கூடாது, தீக்குச்சிகூடக் கூடாது. ஞாயிறு இங்கே வந்தால் யாராவது ஒன்றைக் கையில் திணிப்பார்கள், பெரும்பாலும் டாக்டர்தான். அதைப் பிடித்துவிட்டுப் போவார். தன் பெட்டியிலிருந்து எடுப்பதெல்லாம் மாற்றிக்கொள்ளத்தான்.

வாய் முழுக்கச் சுட்டது. கசப்பு. வாசனை என்று ஒன்றுமே இல்லை. சருகு.

அதை அணைக்கக்கூடத் தோன்றாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“இந்த வயசுல பொய் சொல்லலாமா சார்?” என்று வாத்தியாரைக் கேட்டார்.

“எப்பவாவதுதானே,” என்றார் வாத்தியார்.

“பெட்டி காஞ்சு போயிருக்கு. ஆனா முள்ளு எழுபதுல நிக்குதே. காலையிலகூடப் பார்த்தேன்.”

பெட்டி மூடியின் உள்பக்கத்தில் ஈரத்தைக் காட்டுகிற வட்ட மானி ஒன்று உண்டு. முன்பெல்லாம் சுருட்டு காயாமல் இருக்க, மாதம் ஒரு தடவை மூலையில் இருக்கிற பஞ்சுக் குப்பியில் தண்ணீர் ஊற்றுவார். மனைவி படுத்த பிறகு அதற்கு ஏது நேரம்? மூடியைத் திறந்தால் முள் எழுபதில் நிற்கும். போதும் என்று மூடிவிடுவார். முப்பத்தாறு வருஷமாக எத்தனை காவலாளிகளிடம் சொல்லியிருக்கிறார்! லிப்ட் கதவுக்கு மேலே எரிகிற மாடி எண்ணை நம்பி உள்ளே கால் வைக்காதே, பெட்டி வந்து நிற்கிறதா என்று கண்ணால் பார் என்று. ஊருக்கெல்லாம் சொன்னவர் தன் வீட்டில் முள்ளை நம்பினார். அது எந்த மாதத்தில் செத்ததோ.

நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தார். டாக்டர் சரிந்த முக்காலியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். ஒரு முக்காலியை நிமிர்த்த அவ்வளவு நேரம் ஆகாது.

“உங்களுக்குத் தெரியும்.”

“அண்ணே...”

“எப்ப இருந்து?”

“அதை விடுங்கண்ணே இப்ப.”

“எப்ப இருந்து டாக்டர்?”

“அக்கா ஆஸ்பத்திரியில இருந்து வந்தாங்களே, அந்த வாரம். நீங்க ரெண்டு குடுத்தீங்க. ஒண்ணைப் பத்த வச்சேன். ஓரத்துல லேசா காஞ்சிருந்துச்சு.”

“லேசா.”

“லேசாத்தான். அன்னைக்கு உங்க முகத்தை நீங்க பாக்கல. மூணு வாரமாத் தூங்காத முகம். அதுகிட்டப் போய் உங்க பெட்டி காயுதுன்னு எப்படிச் சொல்றது? அடுத்த வாரம் சொல்லலாம்னு நினைச்சேன். அடுத்த வாரம் இன்னும் கஷ்டமாப் போச்சு. அதுக்கடுத்த வாரம்... போன வாரமே ஏன் சொல்லலைன்னு கேட்பீங்களே.”

பிரேம்காரர் பட்டையை மறுபடி மறுபடி விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக இந்த மேஜையில் இப்படியொரு கூத்து நடந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லையே என்ற வருத்தம் அவர் முகத்தில் இருந்தது.

“அன்னைக்கே சொல்லியிருந்தா?” என்று கேட்டார் லிப்ட்காரர். குரலில் கோபம் இல்லை. கோபப்பட ஒரு தெம்பு வேண்டுமே. “அன்னைக்கே தண்ணி ஊத்தியிருந்தா மீண்டிருக்குமா, மீண்டிருக்காதா? பல்லைப் பத்திச் சொல்ற மாதிரிச் சொல்லுங்க.”

டாக்டர் முக்காலியில் உட்கார்ந்தார். “மீண்டிருக்கும்.”

“எல்லாமா?”

“எல்லாமே.”

“ஒரு தம்ளர் தண்ணி. ‘யோவ், உன் பெட்டி காயுது, போய்த் தண்ணி ஊத்து’ன்னு ஒரு வார்த்தை. அதுக்குப் பதிலா ஆரஞ்சுப் பழம் குடுத்தீங்க.”

அவர் எழுந்து, மிச்சமிருந்த ஐந்து சுருட்டையும் பையில் போட்டுக்கொண்டார். புதுப்பெட்டியைத் தொடவில்லை. “வரேன் சார். வரேங்க.” கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, மேஜையில் சிதறியிருந்த தூளை உள்ளங்கையால் வழித்து எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். “உங்க விரிப்பு பாழாயிடும்,” என்றார் பிரேம்காரரிடம்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. சிமெண்டுப் பெஞ்சு சுட்டது. அவர் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது, டாக்டர் மூச்சு வாங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தூக்கிக்கொண்டு வந்த புதுப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

“கார்ல கொண்டுபோய் விடறேண்ணே.”

“பஸ் வரும்.”

“பஸ் எப்ப வந்து...”

“வரும்.”

டாக்டர் எடுத்த கார் சாவியைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“ஒண்ணு கேக்கறேன்,” என்றார் லிப்ட்காரர். “எட்டு மாசத்துல நான் உங்களுக்குப் பதினேழு குடுத்திருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் நெசமான மதிப்பு என்ன? நல்லா இருந்துச்சுங்கற பேச்சு வேண்டாம். எண்ணைச் சொல்லுங்க.”

“எதுக்குண்ணே அதெல்லாம்?”

“எனக்கு வேணும் டாக்டர். வீட்டுல நல்லா இருக்கேங்கறா. ஆஸ்பத்திரியில தேறிட்டாங்கன்னாங்க. மக கவலைப்படாதீங்கப்பாங்கறா. நீங்க ஏழுங்கறீங்க. எனக்குக் காது புளிச்சுப் போச்சு. யாராவது ஒருத்தர் ஒரே ஒரு சரியான நம்பரைச் சொல்லுங்க. சின்ன நம்பரா இருந்தாலும் பரவாயில்ல.”

டாக்டர் பெட்டியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு, பல்லைக் காட்டி உட்கார்ந்திருப்பவரிடம் எது பிடுங்க வேண்டியது என்று சொல்கிற அந்தக் குரலில் சொன்னார். “முதல்ல குடுத்த ரெண்டும் ஒண்ணுக்கு மூணு தினசரி இருக்கும். அடுத்த மாசம் குடுத்த அஞ்சும் ஒண்ணரை. அதுக்கப்புறம் குடுத்த நாலும் அரை. கடைசியாக் குடுத்த ஆறு... ஒண்ணுமில்லண்ணே. பத்த வைக்கவே இல்ல. க்ளினிக் இழுப்பறையில கிடக்கு.”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்ல.”

லிப்ட்காரர் தலையை ஆட்டினார். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. முதுகைப் பெஞ்சில் சாய்த்துக் காலை நீட்டினார். அந்தச் சொல் அவருக்கு வலித்தது. ஆனாலும் நின்ற இடத்தில் நிற்கிற ஒரு சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

“இப்படிச் சொல்ல எட்டு மாசம் ஆச்சு உங்களுக்கு.”

“மன்னிச்சுக்குங்க.”

“மன்னிப்பு கிடக்கட்டும். ஆக நான் குடுத்தது மொத்தம் பதினஞ்சரை தினசரி. நீங்க எனக்குக் குடுத்தது நாப்பத்தொண்ணு. ஒண்ணொண்ணும் ரெண்டு தினசரி. கொசுறு வேற. இதை எந்தக் காலத்துல நான் சமம் பண்ணப் போறேன்?”

“சமம் எல்லாம் எதுக்குண்ணே? உங்ககிட்ட நாப்பத்தொண்ணு நல்ல சுருட்டு இருக்கு, அது போதும் எனக்கு. உங்க சரக்கு போச்சு, சரி. என் சரக்கு இருக்கில்ல? மெதுவாப் பிடிங்க. வருஷக்கணக்கா வரும்.” டாக்டர் அன்று முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தார். “அக்கா தேறி... இல்ல, அதைச் சொல்லல. எப்பவாவது மாடிக்குப் போய்ப் பிடிங்க.”

லிப்ட்காரர் நீட்டியிருந்த காலை மெல்ல மடக்கினார். அவர் வீட்டில் சுருட்டு வைக்க இருப்பது ஒரே ஒரு பெட்டி. முப்பது வருஷமாக அது ஒன்றுதான். எது வந்தாலும் அன்றைக்கே உறையோடு அதில் அடுக்கி, முள்ளைப் பார்த்துவிட்டு மூடுவது அவர் வழக்கம்.

அவர் பேசாமல் இருப்பதை டாக்டர் கவனித்தார். சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. மடியிலிருந்த புதுப்பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பினார்.

“அண்ணே... நான் குடுத்ததையெல்லாம் எதுல வச்சிருக்கீங்க?”